அந்தச் சபை தானாக உருவாகவில்லை

மருதமுனை றோட்டோரத்தில் தகரக் கூரை போட்ட சைக்கிள் கடை. அதுதான் நான் முதலில் கட்டியது. எனக்கு அப்போது மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. அடுத்தது நற்பிட்டிமுனைக்குப் போகிற வழியில் அரிசி மில். வயல் வட்டைக்குள் வெள்ளம் ஏறி இரண்டு போகம் நெல்லே இல்லாமல் போன காலம் அது. மூளை பிசகினவன்தான் இப்போது மில் போடுவான் என்று ஊரே சொல்லிச் சிரித்தது. போட்டேன். சிரித்தவர்கள் பிறகு மூட்டையோடு என் மில் வாசலில் வரிசையில் நின்றார்கள். மூன்றாவது கல்முனைக்குடிக் கடற்கரையில் ஐஸ் தொழிற்சாலை. மெசினைப் பொருத்திப் பூட்ட வந்த கொழும்பு எஞ்சினியர் என்னோடு வாக்குவாதப்பட்டுப் பாதியிலேயே பஸ் ஏறிவிட்டார். மிச்சத்தை நானே பூட்டினேன். கடல் வந்து கொண்டுபோகும்வரை அந்த மெசின் ஒரு நாளும் நின்றதில்லை. நாலாவது, எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்கிற ஹவுழ் தொட்டி கசிந்துகொண்டே இருந்தது. மூன்று மேசன்மார் பார்த்துவிட்டுக் கைவிட்ட கசிவு. அதை அடைத்ததும் நான்தான்.

படித்தது மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பேப்பர் வாசிப்பேன், இப்போது இதை எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இல்லை.

ஐந்தாவதாகக் கட்டிய ஒன்று இருக்கிறது. அது கல்லாலும் சீமெந்தாலும் கட்டியதல்ல. அதைத்தான் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

கடல் வந்த அன்று, சுனாமி அன்று, காலையில் நான் ஐஸ் தொழிற்சாலையில் நின்றேன். எப்படித் தப்பினேன் என்று கேட்டால் அல்லாஹ்வைத்தான் காட்டுவேன். ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் ஞாபகம். உப்புத் தண்ணீரையும் சேற்றையும் குடித்து என் தொண்டை புண்ணாகிவிட்டது. பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் வாயிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. வாழ்நாள் முழுக்கச் சத்தம் போட்டே வேலை வாங்கியவன் நான். என் தங்கச்சியின் மாப்பிள்ளையைக் கொண்டுபோய் அடக்கும்போதுகூட என்னால் ஒரு சொல் வாய்விட்டு அழ முடியவில்லை.

தங்கச்சியின் வீடு கடலுக்குக் கிட்ட. முன்சுவர் விழுந்து, கூரை சரிந்து, பின்னால் ஒரு அறை மட்டும் மிஞ்சியிருந்தது. பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த அகதி முகாமுக்கு வரச் சொன்னோம். வரமாட்டேன் என்றாள். மாப்பிள்ளை இறந்தால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். அந்நிய ஆண்கள் பார்க்கக்கூடாது. பள்ளிக்கூடத்து வாங்கில் ஊரோடு உட்கார்ந்து எப்படி இத்தா இருப்பது என்று அந்த அறைக்குள்ளேயே இருந்துவிட்டாள். அவளுடைய மூத்த மகன், அதாவது என் மருமகன், அப்போதே பள்ளிக்கூட மாஸ்டர். அவனுக்கு முதல் சைக்கிளை என் கையால் பூட்டிக் கொடுத்து, படி படி என்று விரட்டி, மாஸ்டர் ஆக்கியது நான். இதையும் சொல்லி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

கடல் அந்த நாட்களில் எல்லாவற்றையும் இடம் மாற்றிப் போட்டிருந்தது. தமிழ் ஆட்களின் வள்ளங்கள் எங்கள் வீட்டு முற்றங்களில் கிடந்தன. எங்கள் ஆட்களின் தோணி ஒன்று கோயில் மதிலைப் பிளந்துகொண்டு நின்றது. நாலாம் நாள் தமிழ்ப் பக்கத்து மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் ஆறேழு பேர் தங்கச்சியின் முற்றத்தில் கிடந்த வள்ளத்தை இழுத்துப்போக வந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. நேரே உள்ளே போனார்கள். அவள் அலறினாள். ஊர் திரண்டுவிட்டது. அதே நேரம் அவர்கள் பக்கத்திலும் கொதிப்பு. எங்கள் பக்கத்துப் பொடியன்கள் வள்ளங்களில் இருந்த எஞ்சின்களைக் கழற்றி ஒளித்துவிட்டார்கள் என்று. மையித்துகளை எடுத்து அடக்கி முடியாத கிழமையில் இரண்டு பக்கமும் பொல்லோடு நின்றன.

முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்குள் பேச உட்கார்ந்தோம். அங்கேதான் மீன்பிடிச் சங்கத்துத் தலைவரை நான் நேருக்கு நேர் பார்த்தேன். அதற்கு முதல் அவருக்கு ஐஸ் விற்றிருக்கிறேன், அவ்வளவே. அவர் மனைவியைக் கடல் கொண்டுபோயிருந்தது. நான் அவரை அண்ணன் என்றேன். அவர் என்னைக் காக்கா என்றார், எங்கள் பேச்சில் அதுவும் அண்ணன்தான். யாருக்கு வயது கூட என்று இரண்டு பேருக்கும் தெரியாது, கேட்டுக்கொள்ளவும் இல்லை.

எங்கள் பக்கத்துக்காக நான்தான் பேச வேண்டும். எழுந்தேன், வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருந்தது அண்ணன். வேறு வழியில்லாமல் அவர் காதில் குனிந்து சொன்னேன். நான் சொன்னது ஐந்து சொல்தான். என் தங்கச்சி. இத்தா. கேட்காமல் வந்தீர்கள்.

அவர் எழுந்து தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "காக்காட முறைப்பாடு இதுதான். வள்ளத்த இழுக்க நாம ஒரு வீட்டு முத்தத்துக்குள்ள போனம். அந்த வீட்டுல ஒரு மனிசி புருசனப் பறிகுடுத்து நாலு நாள். ஆம்பிளைட கண்ணுல படாம இரிக்க வேண்டிய காலம் அவக்கு. மறைஞ்சிக்க அவக்குக் கதவும் இல்ல, சுவரும் இல்ல. நாம வள்ளத்தப் பாத்தம். அவ இரிக்கிறதப் பாக்கல்ல."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுதானே காக்கா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். கதவும் சுவரும் நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அது அவருடையது. என் பக்கத்து ஆட்களின் கையில் இருந்த பொல்லுகள் மெல்ல நிலத்துக்கு வந்தன. நான் சொல்லியிருந்தால் அது சண்டைக்குக் கூப்பிட்டதாக இருந்திருக்கும்.

அடுத்தது எஞ்சின் விஷயம். அவர்கள் பக்கத்தில் ஒருவர் எழும்ப, நான் கையைக் காட்டி அவரை இருத்தினேன். நான் சொல்கிறேன் என்று சைகை செய்தேன். எனக்குச் சத்தம் இல்லை, அதனால் கரும்பலகையில் எழுதினேன். மூன்றாம் வகுப்பு எழுத்து. "உங்கட எஞ்சின் எங்கட பக்கத்துல இருக்கு. ஒண்டு என்ட மில்லுக்குள்ள." உண்மை அது. என் வேலையாள் ஒருவன் பத்திரமாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து போட்டதாகச் சொன்னான். பத்திரத்துக்கோ வேறு எதற்கோ, இருந்தது என் மில்லில். எங்கள் பக்கத்தில் சிலர் என்னை முறைத்தார்கள். மறுநாள் பதினொரு எஞ்சின் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து சேர்ந்தது.

இங்கே கவனியுங்கள். தொண்டை போனது அல்லாஹ்வின் நாட்டம். அதில் எனக்குப் பெருமை இல்லை. ஆனால் இரண்டு கிழமையில் என் குரல் திரும்பிவிட்டது. அடுத்த கூட்டத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒரு முறைப்பாடு இருந்தது, எனக்குச் சத்தமும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணனின் காதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்த இடத்தில்தான் இந்த முறை பிறந்தது. அதைப் பிறக்க வைத்தது நான்.

சட்டம் இதுதான். உன் முறைப்பாட்டை நீ சொல்லக்கூடாது. எதிர்ப்பக்கத்து ஆள் சொல்ல வேண்டும். அவன் சொல்லி முடித்ததும் நீ "ஓம், இதுதான்" என்று சொல்ல வேண்டும். நீ ஓம் சொல்லாவிட்டால் அவன் திரும்பச் சொல்ல வேண்டும். ஓம் வந்த பிறகுதான் பதிவுக் கொப்பியில் எழுதலாம். கதிரைகள் வட்டமாக இருக்க வேண்டும், ஒலிவாங்கி கூடாது, தேத்தண்ணி முடியுமுன் யாரும் எழும்பக்கூடாது. கொப்பி எழுத மருமகனைச் செயலாளராகப் போட்டேன். அவன் கையெழுத்து முத்து.

முதல் வருடத்தில் சிரிக்கவும் நிறைய இருந்தது. எங்கள் மீன் வியாபாரி ஒருவர் சந்தையில் ஒரு தமிழ்க் கிழவியின் இறாலைக் கூடையோடு தள்ளிவிட்டு, அழுகின சாமான் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். சட்டப்படி அவள் முறைப்பாட்டை அவரே சொல்ல வேண்டும். சொன்னார். கிழவி ஓம் சொல்லவில்லை, இன்னும் கிடக்கு என்றாள். திரும்பச் சொன்னார், தான் காலால் தள்ளியதையும் சேர்த்து. அப்போதும் இல்லை. மூன்றாம் தரம் அவர் வியர்த்து விறுவிறுத்துச் சொல்லி முடிக்க, கிழவி வெற்றிலையை மென்றுகொண்டு, "போன தரமே எல்லாம் வந்திட்டு. இன்னொருக்காக் கேக்க நல்லா இருந்திச்சு, அதான்" என்றாள். வட்டமே வெடித்துச் சிரித்தது. அந்த வியாபாரி அதற்குப் பிறகு அவளிடம்தான் இறால் எடுத்தார்.

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. நாட்டில் யுத்தம் கூடிய வருடங்களில் எத்தனை ஹர்த்தால், எத்தனை வதந்தி. ஒரு ஓட்டோக்காரனுக்கு அடி விழுந்தால் மூன்று நாள் கடை பூட்டுகிற ஊர் இது. எங்கள் வட்டம் கூடினால் மறுநாளே இரண்டு பக்கமும் கடை திறந்தது. வாய்க்குள் எதிராளியின் நியாயத்தை வைத்துக்கொண்டு கையை ஓங்க முடியாது. மற்ற ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இது யாருடைய யோசனை என்று கேட்டால் அண்ணன் என்னைத்தான் காட்டுவார். "இந்தக் காக்காட தொண்டையக் கேளுங்க" என்று பகிடி பண்ணுவார்.

பிறகு அந்த யுத்தம் வன்னியில் முடிந்தது.

அன்று எங்கள் சந்தியில் பட்டாசு கொளுத்தினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் தொடங்கினார்கள், எங்கள் பொடியன்களும் சேர்ந்தார்கள். என் மில்லில் வேலை செய்த ஒருவனும் நின்றான். தமிழ்த் தெருவில் கதவுகள் பூட்டியிருந்தன. அண்ணனின் சின்ன மகள் வன்னியில் கலியாணம் முடித்திருந்தாள். அவள் இருக்கிறாளா இல்லையா என்று அந்தக் கிழமை யாருக்கும் தெரியாது. அவர் வீட்டு வாசலிலிருந்து சந்திக்கு முப்பது அடி.

அந்த வெள்ளிக்கிழமை வட்டம் கூடியது. அவர்கள் பக்கத்தில் ஒரேயொரு முறைப்பாடு. அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

வட்டத்துக்கு வெளியே வாசல் பக்கமாக எனக்குத் தெரியாத இரண்டு பேர் நின்றார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை. யார் என்ன பேசினார் என்று ஆமிக்குப் போய்ச் சொல்கிற ஆட்கள் திரிந்த காலம், கேட்கிற காலம் இல்லை அது. நான் எழுந்து, சண்டை முடிஞ்ச சந்தோசத்தில் சில பொடியன்கள் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டார்கள் என்றேன். அண்ணன் பேசவில்லை. பட்டாசு கொளுத்தியது உங்களுக்கு மனவருத்தம் என்றேன். பேசவில்லை. அவரிடமிருந்து ஓம் வராத முதல் தரம் அது. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நீ கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தபோது, உன் வாசலில் நாங்கள் கொண்டாடினோம். அவ்வளவுதான். முழுச் சொல்லும் என் நாக்கு நுனியில் இருந்தது. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தேன். மருமகனிடம் திரும்பி, ஓம் என்று எழுது என்றேன்.

அவன் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எழுதடா என்றேன். எழுதினான்.

அண்ணன் தேத்தண்ணியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழும்பினார். சட்டத்தை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. போகும்போது, "வாறன் முதலாளி" என்றார். அதுவரை காக்காவாக இருந்தவன் அன்றையிலிருந்து முதலாளி. அந்த மகள் பல மாதம் கழித்து, வன்னிச் சனத்தை அடைத்து வைத்த முகாமிலிருந்து உயிரோடு வந்தாள். நான் போய்ப் பார்த்தேன். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். காக்கா என்ற சொல் மட்டும் வரவில்லை.

அது என் பிழை. மறைக்கவில்லை. இனி எனக்குச் செய்ததைக் கேளுங்கள்.

மருமகன் கொழும்புக்குக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினான். சமாதானம் வந்துவிட்டது, சிவில் சமூகம் வளர வேண்டும், சபையைப் பதிய வேண்டும், விதிகள் எழுதிய யாப்பு வேண்டும் என்றான். எனக்கு அந்தச் சொற்கள் விளங்கவில்லை, மருமகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டேன். பிறகு பார்த்தால் நிர்வாகத்தில் இருக்கக் குறைந்தது பத்தாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்று யாப்பில் இருக்கிறது. அண்ணன் பத்து வரை போனவர், அவர் உபதலைவர். மருமகன் தலைவர். நான் பொதுச் சபை உறுப்பினர். அதை என் வீட்டில் என் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னான்: "உங்களத்தான் மாமா எல்லாரும் மதிக்கிறாங்க. பதவி எதுக்கு உங்களுக்கு?"

பதவி போகட்டும் என்று இருந்தேன். பிறகு புத்தகம் வந்தது. வழவழவென்ற தாளில், கலர் படத்தோடு. வட்டத்தைப் பற்றி, முறையைப் பற்றி நாற்பது பக்கம். படமும் இருந்தது, அந்த முதல் வருடத்துப் படம். நான் இருந்த கதிரை ஓரத்தில். என் முழங்கை மட்டும் உள்ளே வந்திருக்கிறது. மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். "சுனாமிக்குப் பின்னர் இரு சமூக மக்கள் மத்தியிலும் இயல்பாகவே உருவான ஒரு முறை இதுவாகும்" என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

இயல்பாகவே. வட்டைக்குள் களைதான் அப்படி முளைக்கும். நெல்லுக்கு ஒரு ஆள் சேற்றில் இறங்க வேண்டும். குரல் இருந்தும் ஒருவன் வாயை மூடிக்கொண்டு இருந்தான், அதனால் உருவானது. மருமகனிடம் கேட்டேன். தனி ஆள் பெயரைப் போட்டால் சமூகத்தின் முயற்சி என்பது அடிபட்டுப் போகும், அப்படித்தான் எழுதச் சொன்னார்கள் என்றான். பின் அட்டையில் அவன் பெயரும் படமும் இருந்தது. அது எப்படி அடிபடவில்லை என்று கேட்டேன். அது தொகுப்பாளர் என்ற முறையில் மாமா என்றான்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் என் முறைப்பாட்டை வைத்தேன். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். சட்டம் என் சட்டம், அதனால் நானே பேசவில்லை. அண்ணனிடம் போய், எனக்காகச் சொல்லுங்கள், இந்த முறையைத் தொடங்கியது யார் என்று உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும் என்றேன். அவர் காதில் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அவர் கண்ணால் பார்த்த விஷயம். ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரிக்காக நான் எழுபது பேர் முன்னால் காத்திருந்தேன்.

எழுந்தார். அவருக்கும் இப்போது கால் தள்ளாடுகிறது. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முதலாளிட முறைப்பாட்டச் சொல்ல எனக்கு ஏலா" என்றார். "சொன்னா அவர் ஓம் எண்டுவார். நீங்க எழுதுவீங்க. நான் ஒரு நாள் ஓம் சொல்லல்ல. அதுவும் அந்தக் கொப்பில ஓம் எண்டுதான் கிடக்கு. அந்தக் கொப்பில இனி நான் எதுக்கும் வாய் குடுக்கமாட்டன்."

உட்கார்ந்துவிட்டார். நான் மருமகனைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் தெரியும். எழுதியதே அவன். இவர் எழுதச் சொன்னார், நான் எழுதினேன், அண்ணன் ஓம் சொல்லவில்லை என்று அவன் எழுந்து சொல்லியிருக்கலாம். எனக்கு வெட்கம்தான், ஆனாலும் கொப்பி சுத்தமாகியிருக்கும், அண்ணனும் வாய் திறந்திருப்பார். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எதிர்ப்பக்கம் சொல்லாத முறைப்பாட்டப் பதிய ஏலா மாமா. நீங்க போட்ட சட்டம்தானே" என்றான். ஆக, சட்டம் போட்டது நான் என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது. அதையும் எழுதவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு பிழைக்காக அவ்வளவு வருடத்தை அவர் விழுங்கியிருக்க வேண்டாம். ஆனால் அவருக்கு ஒரு காரணம் இருந்தது. மருமகனுக்கு என்ன காரணம்? அன்று பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தானே, அந்த நேரத்தில் மாட்டேன் மாமா என்று அவன் சொல்லியிருந்தால் நான் அவனை ஏசியிருப்பேன், அடுத்த நாள் கட்டிப்பிடித்திருப்பேன். என் பயத்தை அவன் எழுதிக்கொண்டான். என் தைரியத்தை எழுதவில்லை. கரும்பலகையில் என் மில்லின் பெயரை எழுதினேனே, அது அந்தப் புத்தகத்தின் நாற்பது பக்கத்தில் ஒரு மூலையிலும் இல்லை.

தங்கச்சி என்னிடம், பெரிய காக்கா, விட்டுவிடுங்கள், பிள்ளைதானே என்கிறாள். விடமாட்டேன்.

ஊர் ஆட்களுக்கும், அந்தச் சபையில் இப்போது இருப்பவர்களுக்கும், புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கப் போகிறார்களாமே, அவர்களுக்கும் சொல்கிறேன். முதலில் அந்தக் கொப்பியை எடுங்கள். சண்டை முடிந்த கிழமையில் ஓம் என்று கிடக்கிற இடத்தை வெட்டுங்கள். அண்ணன் ஓம் சொல்லவில்லை, நான்தான் எழுத வைத்தேன் என்று என் பெயரைப் போட்டே எழுதுங்கள். நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். பிறகு புத்தகத்தின் மூன்றாம் பக்கத்துக்குப் போங்கள். இயல்பாகவே என்ற சொல்லை எடுங்கள். இந்த முறையைத் தொடங்கியவன் இன்னார், மூன்றாம் வகுப்பு, ஐஸ் வியாபாரி, அரிசி மில்காரன் என்று போடுங்கள். முதல் வார்த்தையை எனக்காகச் சொன்னது அண்ணன் என்று பக்கத்திலேயே போடுங்கள், எனக்கு அதில் குறைச்சல் இல்லை. கெடுத்தது என் பெயரில் ஏறுவதென்றால் ஏறட்டும். கட்டியதும் என் பெயரில்தான் ஏற வேண்டும்.